நாலாவது ரீல்

தேவராஜா ஒன்றைச் சொல்லிவிட்டால் அதை மாற்ற அவர் மனைவி சிவனேஸ்வரியாலும் முடியாது. பொங்கல் விழாவுக்குத் தமிழ்ப் படம் காட்டுகிறோம் என்று போன மாதமே சிட்னித் தமிழ்ச் சங்கக் கூட்டத்தில் அறிவித்துவிட்டார். கிராமத்துக் கதையாக ஒரு நல்ல படம் அனுப்பு என்று சிங்கப்பூர் ஏஜெண்டுக்குக் கடிதமும் போட்டாயிற்று. கான்பராவிலிருந்துகூட இரண்டு கார் நிறைய ஆட்கள் வருகிறார்கள்.

வியாழக்கிழமை படப்பெட்டிகள் வந்தன. கையெழுத்துப் போட்டு வாங்கிக் கராஜில் அடுக்கினார் மனுஷன். பெட்டியின் மேல் என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்தாரா? பார்க்கவில்லை. சங்கத் தலைவருக்கு அதற்கெல்லாம் நேரம் ஏது!

சனிக்கிழமை காலை, விழாவுக்கு நாலு மணி நேரம் இருக்கையில், அவர் தம்பி கேதீஸ்வரன் அந்தப் பெட்டிகளை எடுக்கப் போனபோதுதான் குட்டு உடைந்தது.

டூங்கபியில் தன் வீட்டு வாசலில் காரை நிறுத்திய கேதீஸ்வரன், ஒரு பெட்டியை மட்டும் தூக்கிக்கொண்டு நேரே குசினிக்குள் வந்தான். மனைவி கிரிஜா விழாவுக்காக வடைக்கு அரைத்துக்கொண்டிருந்தாள்.

"இஞ்சரும், இதை ஒருக்கா வாசியும். தமிழ் இல்லை. தெலுங்கு எண்டு அண்ணை சொல்லுறார். எனக்கெண்டால் கன்னடம் போலக் கிடக்கு."

கிரிஜா கையைத் துடைத்துக்கொண்டு எட்டிப் பார்த்தாள். கன்னடம்தான். கோலார் தங்கவயலில் பிறந்து மைசூரில் கல்லூரி படித்தவளுக்கு அது தமிழைப் போலவே ஓடும்.

வாசித்தாள். மறுபடியும் வாசித்தாள்.

"என்ன படம்?"

"ஹுலிகெரெ தேரு."

"எண்டால்?"

"ஹுலிகெரெங்கிறது ஒரு ஊரு. அந்த ஊர்த் தேர்." குரல் நடுங்காமல் வந்ததே அவளுக்கு ஆச்சரியம்.

"நல்லதாப் போச்சு! அண்ணை ஒரு யோசினை சொன்னவர். நீர் மேடைக்குப் பக்கத்தில மைக்கோட இரும். அவையள் கதைக்கக் கதைக்க நீர் தமிழில சொல்லும். கன்னடம் தெரிஞ்ச ஆள் எங்கட சனத்துக்குள்ள நீர் ஒராள்தானே?"

"நானா? ஐயோ, வேண்டாங்க. படத்தை நிறுத்திடச் சொல்லுங்களேன்."

"நூற்றைம்பது சனம் வருகுது, கிரிஜா. அண்ணையின்ர மானம் போயிடும்."

அவன் குளிக்கப் போய்விட்டான். கிரிஜா அரைத்த மாவைப் பார்த்தபடியே நின்றாள்.

மூன்று வருடங்களுக்கு முன், தேவராஜாவின் மனம் முழுதாக ஒப்பாமலேதான் இந்தக் கல்யாணம் நடந்தது. கிரிஜாவின் அண்ணன் பாஸ்கரும் கேதீஸ்வரனும் சென்னையில் ஒன்றாக எஞ்சினியரிங் படித்தவர்கள். "யாழ்ப்பாணத்தில பொம்பிளை இல்லையெண்டோ இந்தியாவில எடுக்கிறாய்?" என்று கேட்ட தேவராஜா, கடைசியில் பெண்ணின் தகப்பனுக்கு ஒரு கடிதம் எழுதினார். பெண்ணைப் பற்றி நாங்கள் அறிய வேண்டியது வேறு ஏதும் உண்டோ என்று ஒரே ஒரு கேள்வி. ஒன்றுமில்லை என்று கிரிஜாவின் அப்பா பதில் எழுதினார். அந்தக் கடிதத்தைத் தபாலில் சேர்த்தவள் கிரிஜா.

அவர் எழுதாமல் விட்டது இதுதான். பத்தொன்பது வயதில், சிநேகிதியின் கிராமத்துக்கு விடுமுறைக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு, அந்தக் கிராமத்தில் படமெடுக்க வந்தவர்களோடு சேர்ந்து இருபத்திரண்டு நாள் சினிமாவில் நடித்தாள் கிரிஜா. கதாநாயகியாகவே நடித்தாள். படம் தங்கவயலில் ஒரே வாரம் ஓடியது. அந்த ஒரு வாரத்தில் அவளுக்கு வந்திருந்த மூன்று சம்பந்தமும் ஓடிப்போயின. அதோடு அப்பா அவளோடு பேசுவதை நிறுத்தினார். மறுபடி பேசியது, சிட்னிக்கு அனுப்பும்போதுதான்.

"அங்க போய் வாயைத் திறந்தே, உனக்கு வாழ்க்கையே இல்ல. தெரியுதா?"

தெரிந்துதான் இருந்தது. மூன்று வருடமாகத் தெரிந்துதான் இருந்தது.

குளியலறையில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. கிரிஜா காரிலிருந்து மற்ற பெட்டிகளையும் எடுத்து, துணி துவைக்கும் அறையில் வைத்தாள். மொத்தம் நாலு பெட்டி. நாலாவதைத் திறந்து, படச்சுருளின் நுனியை இழுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். விரல் நகமளவு கட்டங்களுக்குள், சேலைக்கு அடியில் பழந்துணி சுற்றிய வயிற்றோடு, தலைவிரிகோலமாக அவளே நின்றாள்.

சீமெந்துத் தொட்டியில் குழாயைத் திறந்துவிட்டாள். சுருளை அதற்குள் அமுக்கினால் போதும். ஐந்து நிமிட வேலை.

"கிரிஜா! துவாய் எங்க?"

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. எப்போதும் படம் காட்டுவதற்கு முந்தின நாள் ஒவ்வொரு ரீலையும் சுவரில் ஓட்டிப் பார்க்கிறவன் அவன். வேலை ஷிஃப்ட் மாறியதால் இந்த முறைதான் பார்க்கவில்லை. நனைந்த சுருளைக் கண்டால் ஏன் என்று கேட்காமல் விடுவானா? கிரிஜா குழாயை மூடினாள். பெட்டியையும் மூடினாள். துண்டை எடுத்துக்கொண்டு ஓடினாள்.

காரில் போகும்போது சொல்லிவிடுவது என்று முடிவு செய்தாள். பரமட்டா வரை வார்த்தைகளை அடுக்கினாள். சிவப்பு விளக்கில் கார் நின்றது.

"என்னங்க, ஒண்ணு சொல்லணும்."

"சொல்லும்."

நல்ல மனநிலையில் இருந்தான். ஸ்டியரிங்கில் விரலால் தாளம் போட்டுக்கொண்டிருந்தான். இந்த முகம் மாறுவதைத் தான் பார்க்க வேண்டுமா என்று நினைத்தாள். கிரிஜாவைக் கோழை என்று திட்டுகிறவர்கள் திட்டிக்கொள்ளுங்கள். அந்த இடத்தில் உட்கார்ந்து பார்த்தால்தான் தெரியும்.

"எனக்கு மைக்ல பேசிப் பழக்கமே இல்ல."

"இதுக்கோ இவ்வளவு பயம்? நான் பின்னால புரொஜெக்டரோடதானே நிக்கிறன்." விளக்கு பச்சையானது.

ஹோம்புஷ் மண்டபம் வெந்து கிடந்தது. ஜனவரி வெயில் வெளியே. உள்ளே படத்துக்காக ஜன்னல்களுக்கெல்லாம் கம்பளி கட்டியிருந்தார்கள். வடை, ரோல்ஸ், மல்லிகைப் பூ, வியர்வை எல்லாம் கலந்து ஒரு வாசம். சிவனேஸ்வரி முன்வரிசையில் நடுக் கதிரையைப் பிடித்து, விசிறியோடு உட்கார்ந்திருந்தாள்.

"என்ன கிரிஜா, முகமெல்லாம் வெளுத்துக் கிடக்கு?"

"தலைவலிக்கா. வீட்டுக்குப் போயிடலாமான்னு பாக்குறேன்."

"பனடோல் ரெண்டு போடும். சரியாப் போயிடும்." கைப்பையிலிருந்து மாத்திரை வந்துவிட்டது. தண்ணீரும் வந்துவிட்டது. சிவனேஸ்வரி பார்த்துக்கொண்டிருக்க, கிரிஜா விழுங்கினாள்.

தேவராஜா மேடையேறி, கலைக்கு மொழி இல்லை என்று ஐந்து நிமிடம் பேசினார். தமிழ்ப் படம் தேடிவந்து ஏமாந்த சனம் பெருமூச்சு விட்டது. விளக்கு அணைந்தது. பின்னால் புரொஜெக்டர் கிறுகிறுக்கத் தொடங்கியது.

முதலில் பெயர்கள் வந்தன. திரை நிறையக் கன்னட எழுத்து. இரண்டாவது வரியில் தனியாக, கொட்டை எழுத்தில், கிரிஜா என்று எழுதியிருந்தது.

நூற்றைம்பது பேரும் அதைப் பார்த்தார்கள். ஒருவருக்கும் வாசிக்கத் தெரியவில்லை.

"பிள்ளை, பேரெல்லாம் வாசியும்!" இருட்டில் தேவராஜாவின் குரல் கேட்டது.

கிரிஜா வாசித்தாள். தன் பெயரை விட்டுவிட்டு மற்ற எல்லாவற்றையும் வாசித்தாள்.

முதல் ரீலில் அவள் இல்லை. ஊர்த் தலைவர், அவர் மகன், தேர்த் திருவிழாவுக்கு நாள் குறிக்கிற கூட்டம் என்று கதை போனது. இரண்டாம் ரீலில் அவள் வந்தாள். நாகி என்ற வேலைக்காரப் பெண்ணாக, தூரத்தில் குடத்தோடு நடந்தாள். முகத்தில் கரி, கையில் வளையல்கூடக் கிடையாது. கிரிஜா சனத்தைப் பார்த்தாள்.

"உந்தப் பெட்டையை எங்கேயோ கண்ட மாதிரிக் கிடக்கு," என்றாள் சிவனேஸ்வரி.

கிரிஜாவின் கையில் மைக் வழுக்கியது.

"ஆ! யாழ்ப்பாணத்தில எங்கட வீட்டுக்குப் பால் கொண்டு வாறவளின்ர மகள். அச்சு அசல் அவள்தான்!"

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். கிரிஜாவுக்கும் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது. எட்டு வருடத்தில் உடம்பு வைத்திருந்தது, நிறம் தெளிந்திருந்தது. தப்பித்துவிடலாம் போலிருந்தது. கடவுளே, இன்னும் இரண்டே ரீல்.

மூன்றாம் ரீலில் நாகி, தான் தலைவர் மகனால் கர்ப்பமாகியிருப்பதைத் தோழியிடம் சொல்லி அழுகிறாள். அங்கேதான் கிரிஜா வேண்டாத வேலை ஒன்று செய்தாள். யாரும் கண்டுபிடிக்காவிட்டாலும் அந்தப் பெண்ணை இந்தச் சனம் ஏசுவதைக் கேட்க அவளால் முடியாது.

"கோயில்ல வெச்சு ரகசியமா தாலி கட்டிட்டாராம்," என்று மைக்கில் சொன்னாள்.

"அப்பாடா!" என்றது முன்வரிசை.

பின்வரிசையில் யாரோ ஒருவர் உரக்கச் சிரித்தார்.

ரீல் முடிந்து விளக்குப் போட்டார்கள். ஒரே ஒரு புரொஜெக்டர். ஒவ்வொரு தடவையும் சுருள் மாற்றப் பத்து நிமிடமாகும். சனம் தேநீருக்கு எழுந்தது. ஒல்லியாக, மூக்குக்கண்ணாடி போட்ட ஒருவர் ரோல்ஸைக் கடித்தபடியே அவளிடம் வந்தார்.

"மேடம், நான் சேஷாத்ரி. யூனிவர்சிட்டில இருக்கேன், சொந்த ஊர் பெங்களூர். கொஞ்சம் லேட்டா வந்தேன். அந்தப் பொண்ணு தாலின்னு ஒரு வார்த்தை சொல்லலையே?"

"குடும்பமா வந்து பாக்கிறாங்க சார். அதான்..."

"அய்யய்யோ, கதையே மாறிடுமே! பரவால்ல, ஆனா ரொம்ப நல்லா சொல்றீங்க. கண்ணை மூடிண்டு கேட்டா, அந்தப் பொண்ணே தமிழ்ல பேசற மாதிரி இருக்கு. அதே குரல்!"

கபடமில்லாமல் சிரித்துவிட்டு அவர் தேநீர் வாங்கப் போனார்.

கிரிஜா கதிரையில் உட்கார்ந்துவிட்டாள். முகத்தைப் பற்றித்தான் காலையிலிருந்து பயந்தாளே தவிர, குரலைப் பற்றி நினைக்கவேயில்லை. ஊர்ப் பெண் ஊர்ப் பெண்ணாகவே பேச வேண்டும் என்று, வேறு யாரையும் பேசவைக்காமல் அவள் குரலையே அந்த டைரக்டர் வைத்திருந்தார். முன்னால் நாகி பேசுவதும், அடுத்த நொடி பக்கத்தில் தான் பேசுவதுமாக, இரண்டு ரீல் முழுக்க ஒரே குரலை ஸ்பீக்கரில் போட்டுக் கேட்கவைத்திருக்கிறாள். தன் வாயாலேயே!

பின்னால் திரும்பிப் பார்த்தாள். கேதீஸ்வரன் நாலாவது ரீலை மாட்டிக்கொண்டிருந்தான். நிமிரவில்லை. வழக்கமாக இடைவேளையில் அவளுக்குத் தேநீர் கொண்டுவந்து தருவான். இன்று வரவில்லை.

விளக்கு அணைந்தது. ஹுலிகெரெயில் தேர் நடுத்தெருவில் நின்றுவிட்டது; ஆயிரம் பேர் இழுத்தும் நகரவில்லை. ஊரில் ஏதோ குற்றம் நடந்திருக்கிறது என்று பஞ்சாயத்துக் கூடியது. கிரிஜா தொண்டையைக் கனைத்து, ஆண் குரல்போலக் கட்டையாகப் பேசினாள்.

"மைக் சரியில்லை! ஒண்டும் கேக்குதில்லை!" சனம் கத்தியது.

"பிள்ளை, சத்தமாச் சொல்லும்! முந்திச் சொன்ன மாதிரிச் சொல்லும்!" என்றார் தேவராஜா.

நாகியை இழுத்து வந்து நிறுத்தினார்கள். பிள்ளைக்குத் தகப்பன் யார் என்று ஊர்த் தலைவர் கேட்டார். திரை முழுவதும் அவள் முகம். அந்தக் காட்சியை எடுத்தபோது பயத்தில் நிஜமாகவே அழுதது கிரிஜாவுக்கு ஞாபகம் வந்தது.

"ஹேளிதரெ கேள்தீரா?" என்றாள் நாகி. குரல் பாதியில் உடைந்தது.

மண்டபத்தில் ஒரு குழந்தைகூடச் சிணுங்கவில்லை. எல்லோரும் மைக்குக்காகக் காத்திருந்தார்கள். சேஷாத்ரி பின்னால் உட்கார்ந்திருக்கிறார், மாற்றிச் சொல்ல வழியில்லை.

"சொன்னா... கேப்பீங்களா?" என்றாள் கிரிஜா. அவள் குரலும் அதே இடத்தில் உடைந்தது.

சிவனேஸ்வரியின் விசிறி நின்றது. அவள் திரையைப் பார்த்தாள், கிரிஜாவைப் பார்த்தாள், மறுபடி திரையைப் பார்த்தாள். வரிசை வரிசையாகத் தலைகள் திரும்புவது அந்த அரையிருட்டிலும் தெரிந்தது. படம் இன்னும் கால் மணி நேரம் ஓடியது. கிரிஜா கடைசி வசனம் வரை ஒன்றுவிடாமல் சொன்னாள். வேறு என்ன செய்வது?

விளக்குகள் எரிந்தன. யாரும் கைதட்டவில்லை.

சிவனேஸ்வரி எழுந்து வந்தாள். "கிரிஜா, அது நீரோ?"

இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் பாதிச் சனம் நம்பியிருக்கும். ஆனால் இத்தனை வருடமாக அந்த வார்த்தையைச் சுமந்து அவளுக்குக் களைத்துப்போயிருந்தது.

"ஆமாக்கா. நான்தான்."

"எங்கட குடும்பத்தில கூத்தாடின பொம்பிளையோ? அதுவும் இப்பிடியொரு வேசத்தில?" சிவனேஸ்வரி தன் கணவரைப் பார்த்துத் திரும்பினாள். "கேட்டியளோ?"

தேவராஜா கிரிஜாவைத் தாண்டி நடந்தார். நேரே மண்டபத்தின் பின்பக்கம், புரொஜெக்டரருகே போனார். சனம் விலகி வழிவிட்டது.

"தம்பி, உனக்கு இது தெரியுமோ?"

கேதீஸ்வரன் படச்சுருளைப் பெட்டிக்குள் வைத்து மூடினான். அவனுக்குத் தெரியாது. அது கிரிஜாவுக்குத் தெரியும். இதோ, தெரியாது என்று சொல்லப்போகிறான். சொன்னதும் எல்லாம் முடிந்துவிடும். அவள் சேலைத் தலைப்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"ஓம் அண்ணை," என்றான் கேதீஸ்வரன். "தெரியும். கலியாணத்துக்கு முதலே தெரியும்."

"தெரிஞ்சுகொண்டோ எனக்கு ஒளிச்சனி?"

"ஓம்."

தேவராஜாவின் முகம் சுருங்கிப்போனது. தகப்பன் இல்லாத வீட்டில் இந்தத் தம்பியைப் படிக்கவைத்து, இந்த நாட்டுக்குக் கூப்பிட்டு, கைபிடித்துக் கரைசேர்த்த மனிதர் அவர். "சரி. இனி என்ர வீட்டுப் படி ஏறாதை," என்று மெல்லச் சொல்லிவிட்டு வெளியே நடந்தார். சிவனேஸ்வரி பின்னாலேயே போனாள்.

கிரிஜாவுக்குக் கண் நிறைந்தது. தெய்வமே என்று அவன் காலில் விழவேண்டும் போலிருந்தது. சேஷாத்ரி வந்து, "மேடம், பிரமாதமா நடிச்சிருக்கீங்க," என்று ஏதோ சொன்னார். அவள் காதில் ஏறவில்லை.

கேதீஸ்வரன் அவளை ஏற்றிக்கொண்டு கிளம்பினான். ஸ்டியரிங்கில் தாளம் இல்லை. டூங்கபியில் வீட்டு வாசலில் காரை நிறுத்தினான். கோடைக்காலம்; ஏழு மணியாகியும் வெயில் அடித்தது. எஞ்சினை அணைக்காமலே இருந்தான்.

"ரொம்ப நன்றிங்க," என்றாள் கிரிஜா. "எனக்காக உங்க அண்ணன்கிட்ட..."

"உமக்காகச் சொல்லேல்லை."

அவள் திகைத்துப் பார்த்தாள்.

"மூண்டு வருசம் ஒரே வீட்டில இருந்தும் எனக்கு ஒண்டும் தெரியாதெண்டு அத்தனை சனத்துக்கு முன்னால சொல்ல எனக்கு வெக்கமா இருந்தது. அதுதான் பொய் சொன்னனான். இண்டுவரைக்கும் அண்ணைக்கு நான் பொய் சொன்னதில்லை, கிரிஜா."

"என்னங்க, நான் காலைல கார்லயே..."

"நீர் இறங்கும்."

"நீங்க?"

"இறங்கும்."

இறங்கினாள். கதவைச் சாத்தினாள். பக்கத்து வீட்டு வெள்ளைக்காரர் புல்லுக்குத் தண்ணீர் விட்டபடியே கையசைத்தார். அவளும் பதிலுக்குக் கையசைத்துவிட்டாள். பிறகுதான் வீட்டுச் சாவி கேதீஸ்வரனின் சாவிக்கொத்தில் இருப்பது ஞாபகம் வந்தது. அதைச் சொல்ல அவள் திரும்பி வாயெடுப்பதற்குள் கார் தெருமுனையைத் தாண்டிவிட்டது.